பாதி வசனம் போதாது

‘கிறிஸ்து நம்மை விடுதலையாக்கிவிட்டார், இனி யாரும் கேள்வி கேட்க முடியாது’ என்கிறார், கிறிஸ்தவர்களின் சுதந்திரம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். பைபிளில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கலாத்தியர் 5:13-ஐப் பாதியில் நிறுத்திவிட்டார் போல! அதே வசனம் அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யவும் சொல்கிறதே. கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவச் சபையில் விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சி பற்றிய தகராறிலும், கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்றுதான் பவுல் சொன்னார். ஆனால் நான் சாப்பிடுவதால் என் சகோதரன் விசுவாசத்தில் இடறுவான் என்றால் எனக்கு இறைச்சியே வேண்டாம் என்றும் எழுதினார்.

குடியை விட்டு ஆறு மாதமான நண்பர் எதிரே நான் ஒருமுறை கிளாஸை நிரப்பினேன். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை, சரி. அவர் பேச்சை நிறுத்திவிட்டு கிளாஸையே பார்த்தார். அப்புறம் எனக்கும் குடிக்கத் தோன்றவில்லை.