முதல் மூண்டு விநாடியில மதுரை

(முள்ளியவளை. மாமியின் குசினி. அடுப்பில் விரால் குழம்பு. மருமகன் போனை ஸ்ராண்டில் பூட்டிக்கொண்டு நிற்கிறார்.)

மருமகன்: மாமி, அந்த காஸ் சிலிண்டரை ஒருக்கா அங்கால உருட்டுவமே?

மாமி: ஏன், கசியுதே?

மருமகன்: இல்லை, யூடியூப் வீடியோவில விழுகுது. ‘வன்னிக் கிராமத்துச் சமையல்’ எண்டு போட்டிட்டு பின்னால சிலிண்டர் நிண்டா ஆர் நம்புவினம்? முத்தத்தில மூண்டு கல்லு வைச்சு விறகில சமைப்பம்.

மாமி: ஊதி ஊதி எனக்கு இழுப்பு வந்தபடியாத்தானே மாமா இதை வாங்கித் தந்தவர்.

மருமகன்: ஒரு நாளைக்குத்தானே. சீலையும் புதிசாக் கிடக்கு. கிழிஞ்சது ஏதும் இல்லையோ?

மாமி: கிழிஞ்சதுக்கு மேலதான் நீ நிக்கிறாய். கால்மிதி. எடுத்துக் கட்டட்டே?

மருமகன்: கோவியாதேங்கோ மாமி. வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் ஊரைப் பாத்து அழோணும். அழுதாத்தான் ஷெயர் பண்ணுவினம்.

மாமி: கனடாவில இருக்கிற என்ர தங்கச்சி போன கிழமைதான் இந்தக் குசினியைப் பாத்தவள். தன்ரயை விட வடிவாம். அவளும் அழுதுதான் இருப்பாள், ஆனா எரிச்சலில. சரி, எவ்வளவு நேரம் எடுப்பாய்?

மருமகன்: எட்டு நிமிசத்துக்குக் குறையக்கூடாது. அப்பத்தான் நடுவில விளம்பரம் போடலாம். 2020க்கு முதல் பத்து நிமிசம் வேணும்.

மாமி: அஞ்சு நிமிசத்தில வத்திற குழம்பு இது. எட்டு நிமிசம் கிடந்தா விரால் கரைஞ்சு முள்ளுத்தான் மிஞ்சும்.

மருமகன்: முள்ளையும் கிட்டக் காட்டுவம்.

(மாமி அகப்பையால் கிண்டியபடி மெல்லப் பாடுகிறார். நல்ல குரல், கேட்டவர்கள் சொல்லுவார்கள்.)

மருமகன்: மாமி, பாட்டு வேண்டாம். நான் ட்ரெண்டிங் பாட்டு ஒண்டு போடுவன்.

மாமி: டேய், இது கோவலன் கூத்து. என்ர ஐயா கூத்துப் பழக்கின அண்ணாவியார். விடிய விடிய ஆடுவினம். கண்ணகி மதுரைக்கு வாறதுக்குள்ள எங்களுக்கு ஒரு நித்திரை முடிஞ்சிடும்.

மருமகன்: அதுதான் பிழை. இப்ப முதல் மூண்டு விநாடியில மதுரை எரியோணும். எரியாட்டி சனம் விரலால தள்ளிப்போட்டுப் போயிடும். ஏன் எரிஞ்சது எண்டு பார்ட் டூவில சொல்லலாம்.

மாமி: அப்ப கோவலன்?

மருமகன்: சிலம்பு விக்கிற இடத்தில வருவார். அந்த இடத்துக்கு ஒரு நகைக்கடையை ஸ்பொன்சர் பிடிக்கலாம்.

மாமி: கோவலனைக் காட்டிக் குடுத்ததே தட்டான்தான். எந்த நகைக்கடைக்காரன் காசு தருவான்?

மருமகன்: (யோசித்து) அதைக் கட் பண்ணுவம்.

மாமி: தட்டானைக் கட் பண்ணினா கோவலன் சாகான். கோவலன் சாகாட்டி மதுரை ஏன் எரியுது?

மருமகன்: அதை ஒருத்தரும் கேக்க மாட்டினம் மாமி. வைகாசியில வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போட்டன் பாருங்கோ: ‘கடல் தண்ணியில எரியும் விளக்கு! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!’

மாமி: எந்த விஞ்ஞானி வந்தவர்?

மருமகன்: ஒருத்தரும் வரேல்லை. தலைப்புக்கு மட்டும் வந்தவை.

மாமி: அம்மாளாச்சி, உவனை மன்னிச்சுக்கொள். சரி, இதில காசு எப்ப வரும்?

மருமகன்: 1000 பேர் சப்ஸ்கிரைப் பண்ணோணும். பேந்து 12 மாசத்துக்குள்ள சனம் 4000 மணித்தியாலம் பாத்திருக்கோணும்.

மாமி: (விரல் மடித்து) ஒரு ஆள் கண் மூடாமப் பாத்தாலும் 166 நாளுக்கு மேல வருது. மூண்டரை மாச நெல்லு வெட்டி, அடுத்த போகத்தில பாதியும் போயிடும்.

மருமகன்: எல்லாரும் பாக்கிறதைச் சேர்த்துத்தான் மாமி கணக்கு. அதுக்குப் பிறகு விளம்பரக் காசில 55 வீதம் எனக்கு, மிச்சம் யூடியூப்புக்கு.

மாமி: விரால் என்ர. சட்டி என்ர. இழுப்பு வரப்போறதும் எனக்கு. உன்ர 55இல எனக்கு எவ்வளவு?

மருமகன்: உங்கட பேரைப் போடுவன் மாமி.

மாமி: என்ர பேர் இந்த ஊருக்கு ஏற்கெனவே தெரியும். பாதி தா. சிலிண்டரும் நிக்கும், பாட்டும் நிக்கும். விருப்பமெண்டா எடு.

மருமகன்: முதல்ல 1000 பேர் வரட்டும் மாமி. இப்ப 212 பேர்தான் நிக்கினம்.

மாமி: அதில நானும் ஒராளே?

மருமகன்: ஓம் மாமி. நான்தானே உங்கட போனில அமத்தி விட்டனான்.

மாமி: அந்தப் போனை இஞ்ச தா. எங்க அமத்தினா 211 ஆகும்?