அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுங்கள்

வியாழக்கிழமை எங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் என்ன ஒட்டினார்கள் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டுவிட்டார்கள். நர்சிங் பிள்ளைகள் 60 பேரின் இன்டர்னல் மார்க், தோற்றவர்கள் பெயர் மட்டும் சிவப்பில். இதற்கு ரிசல்ட் அனாலிசிஸ் என்று பெயர். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

பிள்ளை எவ்வளவு படித்தாள் என்பதோடு, நாங்கள் என்ன சொல்லிக்கொடுத்தோம், எப்படிக் கேட்டோம் என்பதும் அந்த மார்க்கில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் சுவரில் ஒட்டினால் அது வெறும் தண்டனை.

அன்று ராத்திரி உட்கார்ந்து விடைத்தாள்களைப் பிரித்தேன். முதல் 27 சதவீதம், கடைசி 27 சதவீதம், அதாவது மேலே 16 பேர், கீழே 16 பேர். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பக்கம் எத்தனை பேர் சரி என்று எண்ணினேன். எம்.எஸ்சியில் எல்லோரும் படித்த ஐட்டம் அனாலிசிஸ்தான். மேலே உள்ளவர்கள்தான் அதிகம் சரியாகப் போட்டிருக்க வேண்டும். 14-ஆம் கேள்வி தலைகீழாக இருந்தது.

500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? கீயில் விடை 21. சொட்டு பெரிதாக விழும் டிரிப் குழாய், அதாவது மேக்ரோ செட்டில் மில்லிக்கு 20 சொட்டு என்றால் அது சரி. சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, அப்போது 63. எந்த செட் என்று கேள்வியில் இல்லவே இல்லை. குழந்தைகள் வார்டில் போடுவது மைக்ரோ செட். அங்கே போஸ்டிங் முடித்து வந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் 63 போட்டிருக்கிறார்கள். நோட்டில் இருந்த கணக்கை மனப்பாடம் செய்தவர்களுக்கு 21 வந்துவிட்டது. அந்தக் கேள்வியை எழுதியது நான். தப்பு என்னுடையது, மார்க் குறைந்தது அவர்களுக்கு.

அப்புறம் ஓஸ்கி தாள்களையும் எடுத்தேன். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் ஒவ்வொரு வேலையையும் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு அது. ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக டிக் போடுவதே எங்கே சறுக்குகிறது என்று தெரியத்தான். கை கழுவும் படியில் ஏறக்குறைய யாருக்குமே டிக் இல்லை. அந்த ஸ்டேஷனில் நாங்கள் சோப்பே வைக்கவில்லை! இதையெல்லாம் மொத்த மார்க்காகக் கூட்டி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்.

கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் கணக்கு காட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். காட்டுங்கள், பிள்ளைகளின் பெயர் எதற்கு? நேரமில்லை என்பீர்கள். எனக்கு ஒரு ராத்திரி ஆனது. படிக்காத பிள்ளைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள். படிக்காதவர்களும் இருக்கிறார்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் படிக்கவில்லை, யாருக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பிரித்துப் பார்த்துவிட்டா ஒட்டினீர்கள்? 2021-இல் நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தையே திறன் அடிப்படைக்கு மாற்றியாகிவிட்டது. நாம் இன்னும் சிவப்பு மையில் நிற்கிறோம்.

ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பாறசாலை, களியக்காவிளை பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான், இங்கிலீஷ் வராது." நானும் அந்தக் கேரள எல்லைப் பக்கத்துப் பிள்ளைதான். வீட்டில் பாதி மலையாளம், பள்ளியில் தமிழ். முதல் வருடம் அனாட்டமி புத்தகத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தால்தான் புரியும். முதல் பரீட்சையில் கடைசிப் பக்கம் முழுக்க வெறுமையாக விட்டேன். என் மேடம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தெரியாம விட்டியா மக்களே, நேரம் காணாம விட்டியா?" அதுவரைக்கும் அந்த வித்தியாசத்தை யாருமே என்னிடம் கேட்டதில்லை. நேரம் காணவில்லை என்று சொல்லி அழுதேன். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து கேள்வித்தாள் படிக்க வைத்தார். நான் இன்று டீச்சராக இருப்பது அந்த அரை மணி நேரத்தால்.

வியாழக்கிழமை சிவப்பில் இருந்த பெயர்களில் மூன்று பேரின் தாளில் கடைசிப் பக்கம் வெறுமை. அதில் ஒருத்திக்கு ஓஸ்கியில் பி.பி. பார்க்கும் ஸ்டேஷனில் எல்லாப் படிக்கும் டிக் விழுந்திருக்கிறது. அவள் அப்பா வாட்ஸ்அப்பில் பட்டியலைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை.

14-ஆம் கேள்வியை ரத்து செய்து எல்லோருடைய மார்க்கையும் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டுக்குப் போன் பண்ணி அப்பாவிடம் பேசியிருக்கிறேன், திங்கட்கிழமை வருவாள். அன்று ஸ்கில் லேபில் மேக்ரோ, மைக்ரோ இரண்டு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, வாட்சைப் பார்த்துச் சொட்டு எண்ணச் சொல்லப்போகிறேன். அவள் கேட் தாண்டி உள்ளே வருவதற்கு முன் அந்தத் தாள் போர்டில் இருக்கக் கூடாது.