வாசலில் முட்டும் வாக்கர்

வீட்டுக்குள் நடக்கப் பெரியவர்களுக்கு வாக்கர் செய்கிறவர்கள் குளியலறைக் கதவை ஒருமுறையாவது அளந்து பார்த்திருப்பார்களா? பல வாக்கர்கள் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் அகலம். குறுகலான வாசலில் முட்டிக்கொள்கிறது. சரி என்று பெரியவர்கள் அதை வெளியே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஈரத்தரையில் நடக்கிறார்கள். பிடிமானம் மிகவும் தேவைப்படும் இடமே அதுதான்! அப்புறம், இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரை எப்படி எடுத்துப்போவது? சின்னதாக ஒரு தட்டைச் சேர்த்தே கொடுத்தால் என்ன? உயரமும் அப்படித்தான். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டுக்கு நேராக இருக்க வேண்டும். விற்கும்போது இதைச் சொல்லி, அளவு சரிசெய்து தர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வாக்கரின் காலில் உள்ள ரப்பர் தேய்ந்தால் வழுக்கும், மாற்ற வேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.