கோத்தகிரியில் ‘கிரி’ எங்கிருந்து வந்தது?

கோத்தகிரிக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் போடும் ரீல்ஸில் பெயர் விளக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. மாலை கோத்ததுபோல் மலைகள் வரிசையாக நிற்பதால் கோத்தகிரி என்கிறார் ஒருவர். கோட்டை இருந்த கிரி, நாளடைவில் மருவிவிட்டது என்கிறார் இன்னொருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு கதையிலும் அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த கோத்தர்களையே காணோம். எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

கோத்தர்கள் நீலகிரியின் பூர்வகுடிகள். இன்றைக்கு எல்லாரையும் சேர்த்தால் சுமார் 2,000 பேர் இருப்பார்கள். பழைய ஊர்கள் மொத்தம் ஏழு. அதில் ஒன்று கோத்தகிரியை ஒட்டி இருக்கிறது. அந்த மலையில் இரும்படித்தவர்கள், மரவேலை செய்தவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள் இவர்கள்தான். பானை வனைந்தது கோத்தர் வீட்டுப் பெண்கள். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்து மலைமக்களோடு பண்டமாற்றுதான். தோடர்களிடமிருந்து நெய் வரும், படகர்களிடமிருந்து தானியம் வரும், குறும்பர்களிடமிருந்து காட்டுப் பொருட்கள் வரும். கத்தி, அரிவாள், பானை எல்லாம் கோத்தர் பட்டறையிலிருந்து போகும். பக்கத்து ஊரில் சாவு விழுந்தால் ‘கொள்’ என்ற குழலையும் பறையையும் எடுத்துக்கொண்டு கோத்தர்கள் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. அவர்கள் இல்லாமல் அன்று சடங்கு நடக்காது.

சரி, பெயருக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவரத் தொகுப்பான கெசட்டியரே இதைச் சொல்லிவிட்டது: கோத்தர் கேரி, அதாவது கோத்தர்களின் தெரு. கன்னடத்தில் கேரி என்றால் தெரு, குடியிருப்பு. படகர் பேச்சும் கன்னடத்துக்கு நெருங்கிய உறவு. அதைவிட முக்கியமானது, கோத்தர் ஊரே கேரிகளால் ஆனதுதான். வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும், எதிரே நீளமாக முற்றம். பெரும்பாலும் இப்படி மூன்று கேரிகள் சேர்ந்தது ஓர் ஊர். ஒரே கேரிக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். ஒருவரை எந்தக் கேரி என்று கேட்டால் அவர் எந்தக் குடும்பம், அவருக்கு யார் முறை, யார் முறையில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். இவ்வளவு விஷயம் ஏறிக்கிடக்கும் ஒரு சொல் ஊர்ப் பெயரில் வந்து உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த மலையில் உள்ளூர்க்காரர்கள் சூட்டிய மலைப் பெயர்களில் ‘கிரி’ எங்கே இருக்கிறது? தொட்டபெட்டா இருக்கிறது. தொட்ட என்றால் பெரிய, பெட்டா என்றால் மலை. வெளியே நின்று பார்த்தவர்கள் மொத்தத் தொடருக்கும் நீலகிரி என்று பெயர் வைத்தார்கள், அது வேறு கணக்கு. மலைமேல் வாழ்கிறவனுக்கு அது கிரி இல்லை, வீடு. பக்கத்தில் இருப்பவர்களின் ஊரை அவர்கள் தெருவைக் கொண்டுதான் அவன் அடையாளம் சொல்லியிருக்கிறான்.

அப்புறம் கேரி எப்படிக் கிரி ஆனது? காது மந்தமான ஏதோ ஒரு குமாஸ்தாவின் தலையில் முழுப் பழியையும் போட எனக்கு மனசில்லை. கேரியும் நம் சேரியும் ஒரே வேர். ஒரு காலத்தில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். வேளச்சேரி, பாண்டிச்சேரி எல்லாம் அப்படி வந்தவைதான். பிறகு அந்தச் சொல்லை எவர் தலையில் கட்டினோம், எப்படி வசவாக்கினோம் என்பது எல்லாருக்கும் தெரியும். கிரி என்றால் கௌரவம், கோயில் வாசனை. தெருவை மலையாக்கியதில் எழுத்துப் பிழையோடு இந்தக் கூச்சமும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆதாரம் கேட்டால் கையில் இல்லை. ஆனால் ‘கோத்தர் தெரு’ என்ற விளக்கத்தைவிட ‘கோத்த மலைகள்’ என்ற கதைக்குத்தான் லைக் குவிகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறோம்.

ஊட்டிக்கும் இதே கதிதான். 1821-இல் ஒரு மதராஸ் பத்திரிகையில் அது முதலில் அச்சேறியபோது ‘வோட்டோக்கிமண்ட்’ என்று இருந்தது. அதில் கடைசியில் இருப்பது மந்து, தோடர்களின் குடியிருப்பு. இன்றைக்கு உதகமண்டலம் என்று எழுதுகிறோம். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு உதகம் என்றால் தண்ணீர், மண்டலம் என்றால் வட்டம் என்று சிலர் வகுப்பெடுக்கிறார்கள். தோடர் மந்து காணாமல் போய் ஏரி மட்டும் மிஞ்சியது. அந்த ஏரியும் ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் காலத்தில் வெட்டியது! குன்னூர் பக்கத்து வெலிங்டன் கதை இன்னும் வெளிப்படை. அங்கே ராணுவக் குடியிருப்பு வந்த இடம் ஜக்கதளா என்ற படகர் ஊரின் பெயரால்தான் அறியப்பட்டது. பிறகு ஒரு பிரிட்டிஷ் தளபதியின் பெயர் ஏறி உட்கார்ந்துகொண்டது. நல்லவேளை, ஜக்கதளா ஊர் அதே பெயரோடு இன்னும் இருக்கிறது.

சல்லிவன் என்றதும் இன்னொன்று. கோத்தகிரி என்று தேடினாலே ‘1819-இல் ஜான் சல்லிவன் கண்டுபிடித்த’ என்று ஆரம்பிக்கிறார்கள். அவர் கோயம்புத்தூர் கலெக்டர். மலையேறி வந்து கண்ணேரிமுக்கில் பங்களா கட்டினார். அதைப் பழுதுபார்த்து இன்று நினைவகமாக வைத்திருக்கிறார்கள், நேரமிருந்தால் போய்ப் பாருங்கள். மனிதரைக் குறை சொல்லவில்லை, அவரே மலைமக்களின் நில உரிமைக்காக வாதாடியவர். ஆனால் கண்டுபிடிக்க அங்கே என்ன ஒளிந்துகொண்டா இருந்தது? 1603-இலேயே யாக்கோமே பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மேற்குக் கரையிலிருந்து மலையேறி வந்து தோடர்களிடம் பேசியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1117-ஆம் ஆண்டு ஹொய்சாளக் கல்வெட்டு ஒன்று மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி தோடர்களை அச்சுறுத்தியதாகப் பெருமையடிக்கிறது. எழுநூறு வருடம் முன்பே ஒரு தளபதி வந்து மிரட்டிய மக்களை 1819-இல் ‘கண்டுபிடித்தார்கள்’!

பெயரை மாற்று என்று கொடி பிடிக்கச் சொல்லவில்லை. கோத்தகிரி என்றே இருக்கட்டும், பஸ் போர்டில் மாற்றினால் குழப்பம்தான். பஸ் நிலையத்திலும் கண்ணேரிமுக்கு நினைவகத்திலும் ஒரு பலகை வைத்து, இது கோத்தர் கேரி என்று எழுதலாம். கோத்த மொழிக்குத் தனி எழுத்து கிடையாது, தமிழ் எழுத்திலேயே எழுதலாம். தங்கள் ஊரைத் தங்கள் பேச்சில் அவர்கள் எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடலாம். அந்த வாசகத்தை எழுதும் வேலையை மட்டும் சுற்றுலாத் துறைக்காரர்களிடம் விடாமல் கோத்தர் ஊர்ப் பெரியவர்களிடம் கொடுங்கள்.