சான் சிரோவும் மெயாட்சாவும் வேறு வேறா?

"மிலான் நகரில் இரண்டு பெரிய ஸ்டேடியங்கள்: ஏசி மிலானுக்கு சான் சிரோ, இன்டருக்கு ஜுசெப்பே மெயாட்சா." இப்படி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. ஏசி மிலான், இன்டர் இரண்டும் இத்தாலியின் மிலான் நகரத்துக் கால்பந்து கிளப்புகள்; இரண்டுக்கும் ஒரே ஸ்டேடியம்தான்.

சான் சிரோ என்பது அந்தப் பேட்டையின் பெயர். ஏசி மிலான் கிளப்பின் தலைவராக இருந்த பியேரோ பிரெல்லி கட்டிய மைதானம் 1926-ல் திறக்கப்பட்டது. திறப்பு விழா ஆட்டத்தில் வீட்டுக்காரரான மிலானை இன்டர் 6-3 என்று வென்றது வேறு கதை! 1935-ல் மாநகராட்சி அதை வாங்கியது. 1947 முதல் இன்டரும் அங்கேயே குடிவந்துவிட்டது.

அப்புறம் எப்படி இரண்டு பெயர்? 1934, 1938 உலகக் கோப்பைகளை இத்தாலிக்காக வென்ற கால்பந்து வீரர் மெயாட்சா 1979-ல் காலமானார். மறு ஆண்டு அவர் பெயரை மைதானத்துக்குச் சூட்டினார்கள். அவர் இன்டரின் செல்லப்பிள்ளை; மிலானுக்கும் ஆடியவர்தான். ஆனாலும் மிலான் ரசிகர்கள் வாயில் இன்றும் சான் சிரோதான்.

ஃபார்வர்டில் உள்ள இரண்டு படங்களையும் உற்றுப் பாருங்கள். 1990 உலகக் கோப்பைக்காக எழுப்பிய, திருகாணி போல வளைவுகள் சுற்றிய அதே கான்கிரீட் கோபுரங்கள். கோணம்தான் வேறு.

2025-ல் மாநகராட்சி இதை இரு கிளப்புகளுக்கும் விற்றது. பக்கத்திலேயே புதிதாகக் கட்டுவது அவர்கள் திட்டம். அதுவும் இருவருக்கும் பொதுவானதுதான்.