18 நாள் வேலையும் பதிவில் இருக்கும்
'ஒரு மாதத்துக்குள் விலகிவிட்டால் அந்த வேலையைச் சுயவிவரத்தில் எழுத வேண்டாம், யாருக்கும் தெரியாது' என்று, சேர்ந்த வேலையைச் சில நாளிலேயே விடுவது பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்காத இடங்களுக்குத்தான் பொருந்தும். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கராகச் சேர்ந்து 18-ஆம் நாள் நின்றுவிட்டேன். தோல் வாடை காரணமல்ல, வேலூர்க்காரனுக்கு அது பழகியதுதான். மாலை 6 மணிவரை என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, தினமும் இரவு 10 மணிக்கு முத்துக்கடையில் பஸ்ஸுக்கு ஓடவைத்தார்கள். ஆறு மாதம் கழித்து ஆம்பூரில் ஒரு ஷூ நிறுவன நேர்காணலில் என் யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கைத் திறக்கச் சொன்னார்கள். சேர்ந்த தேதி இருந்தது, விலகிய தேதிக்கான கட்டம் காலி. அதன்படி நான் இன்னும் ராணிப்பேட்டையில்தான் வேலை பார்க்கிறேன்! எனக்கு வியர்த்துவிட்டது. விலகிய தேதியைப் பழைய முதலாளி பதியாவிட்டால், அவர் கடைசியாக பி.எஃப். சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். ஆதாருடன் இணைத்த கைபேசி எண் கையில் இருக்க வேண்டும். மேலே பின்னூட்டத்தில் 'பத்து நாள் சம்பளத்தைக் கேட்க வெட்கமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கும் தம்பி, பாதியில் நின்றாலும் உழைத்த நாளுக்கான கூலி சட்டப்படி உங்களுடையதுதான். நான் இரண்டு முறை நேரில் போய் நின்று வாங்கினேன்.