தாய்வீடு இல்லாத தாய்

2009-இல் சண்டிகரின் அரசுக் காப்பகம் ஒன்றில் இருந்த, பெற்றோரை இழந்த, அறிவுசார் குறைபாடுடைய இளம்பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். பிள்ளையைப் பெற்று வளர்க்க அவர் விரும்பியும், கருவைக் கலைக்கப் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து, அவருடைய சம்மதமின்றிக் கலைக்கக் கூடாது என்றது. அமர்விலிருந்த மூவரில் ஒருவர் நம் ஈரோடு மாவட்டத்தவரான நீதிபதி பி. சதாசிவம். குழந்தை வளர்ப்பிலும் துணை நிற்க அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளோரின் நலனுக்கான அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளை முன்வந்ததைத் தீர்ப்பு குறிப்பிடுகிறது.

அந்தத் துணையைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். நம் வீடுகளில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டவும், அழுகை பசிக்கா வயிற்று வலிக்கா என்று கண்டுகொள்ளவும் அங்கேதான் பழகுகிறாள். படித்த பெண்ணுக்கும் இத்தனை கைகள் தேவைப்படும்போது, அறிவுசார் குறைபாடுள்ள தாயிடம் மட்டும் "உன்னால் தனியாக முடியுமா?" என்று கேட்பது எவ்வகையில் நியாயம்?

கனடாவில் உளவியலாளர் மாரிஸ் ஃபெல்ட்மன், இத்தகைய தாய்மாருக்கு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, படம் காட்டி, செய்து காட்டி, அவரவர் வீட்டிலேயே பழக்கினால் குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகளில் காட்டினார். பால்மாவின் அளவைப் படிக்கத் தெரியாதவருக்குப் புட்டியில் ஒரு கோடு போதும். ஆனால் உதவிக்கு வருபவர் பிள்ளையைத் தாமே வாங்கிக்கொண்டு தாயை வேடிக்கை பார்க்க வைத்தால், நாளைக்கு "அவளுக்கு என்ன தெரியும்?" என்று சொல்ல அதுவே சாட்சியாகிவிடும்.

பெற்றோரின் குறைபாட்டைக் காரணமாக்கிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது, இந்தியா 2007-இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆவது உறுப்பு. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவோ மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மாற்றுத்திறனாளிப் பெற்றோர் அதில் இல்லை. 24-ஆவது பிரிவில், மாற்றுத்திறனாளிப் பெண்களின் பிள்ளை வளர்ப்புக்கு ஆதரவு என ஒரு வரி உண்டு. அந்த வரி வீடு வந்து சேர வேண்டுமென்றால் கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் இதற்கெனப் பயிற்சி தர வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போகும் வரையிலாவது, மாதத்துக்கொரு புதுமுகமாக இல்லாமல், அந்தத் தாய்க்குப் பழகிய ஒருவரே தொடர்ந்து வர வேண்டும்.